இசை வளர்த்த தாய்: வீணை தனம்மாள்

நுழையும்முன்

பொன்னையும் நிலத்தையும் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்செல்வோர் பலர். கேட்டறிந்த கலையைத் தம் நினைவில் சேமித்து, மக்களுக்கும் பேரர்களுக்கும் நாடி வந்தோர்க்கும் வழங்கிச் சென்றோர் மிகச் சிலரே. ஒரு சிறு வீட்டின் கூடத்தில் அமர்ந்தவாறே தென்னக இசையின் பெருஞ்செல்வத்தைக் காத்து, அடுத்தடுத்த தலைமுறைகளிடம் ஒப்படைத்த அம்மையார் ஒருவரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

வடசென்னையின் இசைமுகம்

வடசென்னை என்றதும் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளும், இராயபுரத்து மீன்பிடித் துறையும், எண்ணூரின் கழிமுகமும் நம் கண்முன் தோன்றுகின்றன. உழைப்பின் நிலமாகிய இப்பகுதி இசையின் நிலமாகவும் விளங்கியது என்பதைப் பலர் அறியார். கொசத்தலையாற்றின் தாழ்நிலங்களை ஒட்டி அமைந்த ஊர் சடையங்குப்பம். அதன் அண்டையூர்களாகிய மணலியும் திருவொற்றியூரும் தென்னிந்திய இசைவரலாற்றில் அழியா இடம் பெற்றவை.

மணலியில் வாழ்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமசாமி தீட்சிதரை ஆதரித்த வள்ளல். அவர்தம் ஆதரவால் இராமசாமி தீட்சிதரின் மகனும் இசைமும்மூர்த்திகளுள் ஒருவருமான முத்துசாமி தீட்சிதர் தம் இளமைப் பருவத்தை மணலியில் கழித்தார். திருவொற்றியூரில் எழுந்தருளியுள்ள திரிபுரசுந்தரி அம்மையின்மீது தியாகராசர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவருடைய மாணவர் வீணை குப்பையரும், குப்பையரின் மகன் தியாகையரும் அவ்வூரோடு நெருங்கிய தொடர்பு கொண்டவர்கள். இராமலிங்க அடிகள் ஏழுகிணறுப் பகுதியிலிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நாள்தோறும் நடந்து சென்று வழிபட்டதும் இந்தத் தடத்தில்தான்.

இத்தகைய இசைத்தடத்தின் தென்முனையில், இன்று ஜார்ஜ் டவுன் என வழங்கும் பகுதியில் பிறந்து வளர்ந்தவர் வீணை தனம்மாள்.

மரபும் இளமையும்

தனம்மாளின் முன்னோர் தஞ்சை அரசவையைச் சார்ந்த கலைஞர்கள். அக்குடும்பத்தில் ஆடலும் பாடலும் தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வந்தன. பாட்டியார் காமாட்சியம்மாள் ஆடற்கலையில் வல்லவர். தாயார் சுந்தரம்மாள் வாய்ப்பாட்டில் தேர்ந்தவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தது. அரசவையை நம்பி வாழ்ந்த கலைஞர் பலர் ஆதரவு தேடிச் சென்னைக்கு வந்தனர். வணிகச் செல்வம் பெருகியிருந்த அந்நகரின் வடபகுதி அவர்களுக்குப் புகலிடமாயிற்று. ஊர் மாறினாலும் தஞ்சையின் பெயரை அக்குடும்பத்தினர் கைவிடவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற அவ்வழித்தோன்றல்களின் பெயர்களுக்கு முன்னுள்ள முதலெழுத்து, தந்தையின் பெயரைக் குறிப்பதன்று. தஞ்சாவூர் என்னும் ஊரைக் குறிப்பதாகும்.

1867ஆம் ஆண்டு பிறந்த தனம்மாள், குழந்தைப் பருவத்திலேயே பாட்டியிடமும் தாயிடமும் இசை கேட்டு வளர்ந்தார். சியாமா சாஸ்திரிகளின் குடும்ப வழியாக வந்த கீர்த்தனைகள் அவ்வீட்டிலேயே அவருக்குக் கிடைத்தன. முத்துசாமி தீட்சிதரின் மாணவர் பரம்பரையில் வந்த சாத்தனூர் பஞ்சநத ஐயர் அவருக்குத் தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்பித்தார். பார்வையற்ற இசைவாணராகிய பாலதாஸ் என்பாரிடம் பதங்களைப் பாடம் கேட்டார். இவ்வாறு தனித்தனி ஓடைகளாக ஓடிவந்த இசைமரபுகள் அவரிடத்தில் ஒன்றாகக் கலந்தன.

அக்காலத்தில் இவற்றைக் கற்பதற்கு அச்சிட்ட நூல்கள் அரிதாகவே இருந்தன. ஆசிரியர் பாடுவார், மாணவர் கேட்பார், மீண்டும் மீண்டும் பாடி நெஞ்சில் பதித்துக்கொள்வார். ஒரு பாடலை அறிந்தவர் அதனைப் பிறர்க்குச் சொல்லாமல் மறைந்தால், அப்பாடலும் அவரோடு மறைந்துவிடும். கற்பது மட்டுமன்றிக் காப்பதும் கலைஞரின் கடமையாக இருந்த காலம் அது.

வீணையும் குரலும்

வீணை நான்கு வாசிப்புத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் கொண்டது. இருபத்து நான்கு மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும். இடக்கை விரல்கள் மெட்டின்மீது தந்தியை அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் சுரங்களை உண்டாக்கும். வலக்கை விரல்கள் தந்தியை மீட்டும். ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுப்பதால் அடுத்தடுத்த சுரங்களும் அவற்றிற்கு இடைப்பட்ட நுண்ணிய அசைவுகளும் பிறக்கின்றன. கமகம் எனப்படும் இவ்வசைவே இராகத்திற்கு உயிர்.

தனம்மாளின் தனிச்சிறப்பு இந்தக் கமகத்தில் வெளிப்பட்டது. வேகமும் ஆரவாரமும் காட்டிக் கேட்போரை வியக்கவைப்பது அவர் நோக்கமன்று. வலக்கையில் மீட்டி அணியாமல் விரல் நகத்தால் மென்மையாகத் தந்தியைத் தொட்டார். ஒரு மீட்டில் எழுந்த ஒலி அடங்குவதற்குள் இடக்கை விரல்களால் பல நுண்ணசைவுகளை அதிலிருந்து வருவித்தார். வாசிக்கும்போதே தாமும் உடன்பாடினார். வீணை எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் இணைந்து ஒலித்தன. இராகத்தை விரிவாக வளர்த்துக்கொண்டே போகாமல், சில சொற்கட்டுகளிலேயே அதன் முழு வடிவத்தையும் காட்டிவிடுவார். சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் குறட்பாவின் இயல்பை அவருடைய இசையில் காணலாம்.

பதங்களை இசைப்பதில் அவருக்கு இணையானவர் அரிது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் இயற்றிய பதங்களும், கனம் கிருஷ்ணையர் முதலியோர் தமிழில் இயற்றிய பதங்களும் அவர் வீணையில் ஒலித்தன. பதம் மிகவும் மெதுவான நடையில் செல்லும் பாடல் வகை. தலைவனைப் பிரிந்த தலைவியின் ஏக்கம், ஊடல், நம்பிக்கை ஆகிய உள்ளுணர்வுகளே அதன் பொருள். சங்க அகப்பாடல்களில் நாம் பயிலும் உணர்வுகளின் தொடர்ச்சியைப் பதங்களில் காண்கிறோம். நடை மெதுவாக இருப்பதால் சிறு பிழையும் பெரிதாகத் தோன்றும். எனவே, பதம் பாடுவது இசைவாணரின் புலமைக்கு ஓர் உரைகல்லாகக் கருதப்பட்டது. அவர் காலத்தில் வாழ்ந்த தருமபுரி சுப்பராயர் இயற்றிய ஜாவளிகளும் தனம்மாள் குடும்பத்தின் வழியாகவே பரவலாக அறியப்பட்டன.

வெள்ளிக்கிழமை மாலைகள்

பெரிய அரங்குகளில் மிகுதியாக வாசித்துப் புகழ் தேடியவர் அல்லர் தனம்மாள். ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை இசைப்பது வழக்கம். இசைவாணர்களும் இசையறிந்த பெருமக்களும் அங்கே கூடினர். பக்க இசையின் முழக்கமில்லை, ஒலிபெருக்கி இல்லை. கூடத்தில் அமர்ந்திருந்தோர் ஓசையெழுப்பாமல் கேட்டாகவேண்டும். வீணையின் ஒலி மெல்லியது. அதன் நுட்பங்கள் செவியில் விழ வேண்டுமானால் கேட்போரிடம் அமைதி வேண்டும். ஆகவே, அந்த அமைதியை அவர் கண்டிப்புடன் காத்தார்.

அந்தக் கூடம் ஒரு பள்ளியாகவே விளங்கியது. புகழ்பெற்ற பாடகர்களும் தம் பெருமையை வாயிலில் விட்டுவிட்டு மாணவர்போல் அமர்ந்து கேட்டனர். எப்படிப் பாடுவது என்பதோடு எதைத் தவிர்ப்பது என்பதையும் அவர்கள் அங்கே கற்றுச்சென்றனர். அரசோ அறக்கட்டளையோ நடத்தாத அந்த அவை, ஒரு பெண்மணியின் தகுதியை மட்டுமே அடித்தளமாகக் கொண்டு நெடுங்காலம் நிலைத்தது.

தெரிந்து தெளிவோம்

தனம்மாளின் காலத்தில் சென்னையின் இசைவாழ்வில் பெண்கள் பலர் சிறந்து விளங்கினர். கோயம்புத்தூர் தாயி, இசைத்தட்டு அறிமுகமான தொடக்கக் காலத்திலேயே தம் குரலைப் பதிவு செய்தவர். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பியவர். முத்துப்பழனி இயற்றிய தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தவர். கலைவளர்ச்சியில் பெண்களுக்குரிய பங்கினை இவர்தம் வாழ்க்கை உணர்த்துகிறது.

காலத்தின் நெருக்கடி

தனம்மாள் வாழ்ந்த காலம், அவர் பிறந்த கலைக்குடும்பங்களுக்குப் பெரும் சோதனையாக அமைந்தது. கோயில்களுக்கும் அரசவைகளுக்கும் ஆடலும் பாடலும் வழங்கிவந்த பெண்கள், மானியங்களும் ஆதரவும் குன்றியமையால் வறுமையுற்றனர். பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் அவர்களைச் சுரண்டலுக்கு உள்ளாக்கியது. 1890களில் சதிராட்டத்திற்கு எதிரான இயக்கம் சென்னையில் வலுப்பெற்றது. பின்னர் முத்துலட்சுமி அம்மையார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினர். 1947இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது.

கொடிய வழக்கத்திலிருந்து பெண்களை மீட்ட அப்போராட்டம் இன்றியமையாதது. அதே வேளையில் வேறொரு வினாவும் எழுந்தது. அப்பெண்கள் பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்த கலை என்னாவது? வழக்கத்தின்மீது விழுந்த பழி, கலையின்மீதும் அதனைக் கற்ற பெண்களின்மீதும் விழுந்தது. குடும்பங்கள் பல தம் பெண்மக்களுக்கு ஆடலும் பாடலும் கற்பிப்பதையே நிறுத்திக்கொண்டன. ஒரு தலைமுறை கற்கத் தவறினால் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல எவரும் இல்லாத நிலை ஏற்படும்.

இந்த வினாவிற்குத் தனம்மாள் மேடையேறி விடை கூறவில்லை. தம் வாழ்க்கையால் விடை கூறினார். கலையின் தரத்தைச் சிறிதும் தாழ்த்தாமல் காத்தார். அதனால் அவரை நாடிவந்த அனைவரும் அக்கலைக்கும் கலைஞருக்கும் உரிய மதிப்பினை அளித்தேயாகவேண்டியிருந்தது. பிற்காலத்தில் கண்பார்வையை இழந்தபோதும் அவர் கற்ற இசை அவரைவிட்டு நீங்கவில்லை. எழுத்தை நம்பாமல் செவியையும் நினைவையும் நம்பிக் கற்ற கல்வி, ஒளி மறைந்த காலத்திலும் அவருக்குத் துணைநின்றது.

தாயும் ஆசானும்

தனம்மாளுக்கு இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என்னும் நான்கு பெண்மக்கள். நால்வரும் இசைபயின்றனர். மூத்தவர் இருவரும் இணைந்து பாடித் தனம்மாளின் மகளிர் என்னும் சிறப்போடு அறியப்பட்டனர். அடுப்படியிலும் முற்றத்திலும் ஊஞ்சலிலும் இசை ஒலித்த வீடு அது. தனியாகப் பாடவேளை என ஒன்றில்லை. தாய் வீணையைச் சுருதி சேர்ப்பதும் ஒரு பாடமே. ஒரு சொல்லை மீண்டும் பாடிப் பார்ப்பதும் ஒரு பாடமே. குழந்தைகள் பேசக் கற்றபோதே பாடவும் கற்றனர்.

பேரர்களின் கல்வியில் தனம்மாள் குடும்பம் மேற்கொண்ட முடிவொன்று நம் சிந்தனைக்குரியது. காமாட்சியின் மக்களாகிய பிருந்தாவும் முக்தாவும் இளமையிலேயே காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடம் இசைபயில அனுப்பப்பட்டனர். நாயினாப் பிள்ளை தாளநுட்பத்திலும் பல்லவி பாடுவதிலும் பெரும்புலமை கொண்டவர்; பக்க இசைக்கருவிகள் பல புடைசூழப் பாடும் கச்சேரிகளுக்குப் பெயர்பெற்றவர். தனம்மாளின் இசையோ பக்க இசையின்றி அமைதியாக ஓடுவது. வீட்டிலேயே பெருங்கடல் இருந்தும், வேறொரு துறையில் வல்ல ஆசிரியரைத் தேடிக் குழந்தைகளை அனுப்பிய உள்ளம் பரந்த உள்ளமாகும். தம் வழியே போதும் என்று அக்குடும்பம் கருதவில்லை. எனவே, பாட்டியின் நுண்மையும் ஆசிரியரின் தாளவன்மையும் பேத்தியரிடம் ஒருங்கே அமைந்தன.

பேரர்களின் பெரும்புகழ்

பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடிய பதங்கள் தமிழகமெங்கும் மதிக்கப்பட்டன. அவர்களின் தங்கை அபிராமசுந்தரி வயலின் கலைஞராக விளங்கினார். மேடைகளில் முன்னணியில் நின்ற பாடகர்களும் பதம் கற்பதற்குப் பிருந்தாவை நாடி வந்தனர். எம்.எஸ். சுப்புலட்சுமி, செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகியோரும் அவரிடம் பதங்களைக் கற்றனர். சென்னை மியூசிக் அகாதெமி வழங்கும் சங்கீத கலாநிதி விருதினைப் பிருந்தா 1976இல் பெற்றார்.

ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி 1918இல் பிறந்தார். ஆடற்கலையை மக்கள் இகழ்ந்து ஒதுக்கிய காலத்தில், தாய் ஜெயம்மாள் தம் மகளை ஆட வைக்கத் துணிந்தார். நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் பயின்ற பாலசரஸ்வதி, 1925இல் தம் ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். மகள் ஆடத் தாய் பாடினார். பதத்திற்கு அவர் காட்டிய அபிநயம் உலகையே கவர்ந்தது. கண்ணசைவிலும் விரலசைவிலும் அவர் உணர்த்திய நுண்பொருள்களுக்கு, பாட்டியின் வீணையில் அவர் கேட்டு வளர்ந்த கமகங்களே வித்து எனலாம். 1973இல் சங்கீத கலாநிதி விருதும், 1977இல் பத்ம விபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. திரைக்கலை மேதை சத்யஜித் ராய் 1976இல் அவரைப்பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

பாலசரஸ்வதியின் உடன்பிறந்தோருள் இரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் வல்லவராயினர். இருவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, அயல்நாட்டு மாணவர்களுக்குத் தென்னக இசையைக் கற்பித்தனர். விசுவநாதன் 1988இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். இலட்சுமிரத்தினத்தின் மகன் சங்கரன் இசை ஆய்வாளராகத் திகழ்ந்து, தம் குடும்பத்தைப் பற்றியும் அக்காலக் கலைஞர்களைப் பற்றியும் எழுதி வரலாற்றைக் காத்தார்.

வாய்ப்பாடு, வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், ஆடல், ஆய்வு எனக் கலையின் கிளைகள் பலவும் ஒரே வேரிலிருந்து தழைத்தன. அவ்வேர் தனம்மாள்.

வீட்டிற்கு வெளியே

தனம்மாளின் இசைக்கொடை குடும்பத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. இசையறிஞர் இரங்கராமானுச ஐயங்கார் அவரிடம் வீணை பயின்றார். தாம் கேட்டறிந்த கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு எழுதி, கிருதிமணிமாலை என்னும் பல தொகுதிகள் கொண்ட நூலாக வெளியிட்டார். வாய்மொழியாக மட்டுமே வாழ்ந்த செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு எழுத்தில் நிலைபெற்றது. சாவித்திரி இராஜன் என்னும் அம்மையாரும் தனம்மாளிடம் நேரில் கற்று, அப்பாணியைத் தம் வாழ்நாள் முழுதும் போற்றி வாசித்தார். கலைக்குடும்பத்தில் பிறவாதவர்களும் அக்கலையைக் கற்கும் வாயில் அவ்வீட்டில் திறந்திருந்தது.

கொடுக்கக் குறையாதது கல்வி என்பர் சான்றோர். தம் பாடல்கள் பிறரிடம் போய்ச் சேர்ந்தால் தம் சிறப்புக் குன்றிவிடும் என்று கருதி மறைத்துவைத்தோரும் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் மறைத்தவை அவர்களோடு மறைந்தன. தகுதியும் பொறுமையும் உடையவர்க்குத் தனம்மாள் வழங்கியவை இன்றும் வாழ்கின்றன.

மறைவும் நினைவும்

1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தனம்மாள் இயற்கை எய்தினார். 1930களில் பதிவான சில இசைத்தட்டுகளில் அவருடைய வீணையை நாம் இன்றும் கேட்கலாம். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே ஒலிப்பவை. முதுமைப் பருவத்தில் பதிவானவை எனினும், இராகத்தின் சாரத்தைச் சில நொடிகளில் பிழிந்து தரும் அவருடைய ஆற்றலுக்கு அவை சான்று பகர்கின்றன. இந்திய அஞ்சல்துறை 2010இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. இன்றும் பதம் பாடுவோர் தனம்மாள் பாணி என்னும் தொடரை மதிப்போடு வழங்குகின்றனர்.

தனம்மாளுக்குச் சிலையோ மாளிகையோ அடையாளம் அன்று. எங்கோ ஓர் அரங்கில் ஒருவர் விரைவை விட்டுவிட்டு, ஒரு பதத்தை மெல்லத் தொடங்கி, அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம் கொடுத்துப் பாடும்போது அவர் வாழ்கிறார். தஞ்சையில் தோன்றி, வடசென்னையின் ஒரு தெருவில் தழைத்து, கடல்கடந்தும் சென்ற அந்த இசை, தாய்மார்களும் பாட்டிமார்களும் செவிவழியாக ஊட்டிய கல்வியின் ஆற்றலை நமக்கு உணர்த்துகிறது. நம் வீடுகளிலும் தாலாட்டு, விடுகதை, பழமொழி, கைவேலை, மருந்தறிவு எனப் பெண்கள் காத்துவரும் செல்வங்கள் உள்ளன. அவற்றைக் கேட்டுக் கற்றுக் காப்பது இளைய தலைமுறையின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பாட்டி அல்லது வீட்டிலுள்ள மூத்த பெண்மணி ஒருவர் அறிந்த பாடல், கதை, கைவினை ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதி வகுப்பறையில் பகிர்க.
2. உங்கள் ஊரிலும் அண்டையூர்களிலும் வாழ்ந்த கலைஞர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.
3. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தலும் அப்பெண்கள் காத்த கலையைப் போற்றுதலும் ஒன்றுக்கொன்று முரணானவையா? உங்கள் கருத்தினைக் காரணங்களுடன் எழுதுக.
4. வாய்மொழியாகக் கற்றல், எழுத்துவழிக் கற்றல் ஆகியவற்றின் நிறைகுறைகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.